ஐடி கார்டை ஓரமாக வையுங்கள்: வெளிநாட்டு விசாவுக்குத் தொழில் கோடு பார்ப்பது எப்படி

கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று எந்த நாடாக இருந்தாலும், வேலைத் திறமையை வைத்து ஆள் எடுக்கிறவர்களுக்கு உங்கள் பதவியின் பெயர் முக்கியமில்லை, ஒரு எண்தான் முக்கியம். இருக்கிற வேலைகளையெல்லாம் நூற்றுக்கணக்கான பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு கொடுத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்கும் வேலை அதில் எந்தப் பிரிவில் வருகிறது என்று பெரும்பாலும் நீங்களேதான் சொல்ல வேண்டும், சொன்னதைக் காகிதத்தில் நிரூபிக்கவும் வேண்டும். இது தப்பாகப் போனால், அதற்கு மேல் கட்டின ஃபீஸ், எழுதின ஐஇஎல்டிஎஸ், வாங்கின டிகிரி மதிப்பீடு எல்லாம் தண்டம்.

காட்பாடியிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் இந்த விஷயத்தில் பார்க்கிற குழப்பம் ஒன்றேதான். ஐடி கார்டில் என்ன போட்டிருக்கிறதோ அதை அப்படியே இணையத்தில் அடித்து, முதலில் வந்து விழுகிற கோடை எடுத்துக்கொள்வது. நம் ஊர்க் கம்பெனிகளில் பதவிப் பெயர் என்பது பாதி நேரம் சம்பள உயர்வுக்குப் பதிலாகக் கொடுக்கிற மரியாதை. இன்கிரிமென்ட் போட முடியாத வருடத்தில் பெயருக்கு முன்னால் 'சீனியர்' வரும், அடுத்த வருடம் 'அசிஸ்டென்ட் மேனேஜர்' வரும், செய்கிற வேலை அதேதான். கனடாவின் ஒட்டாவாவில் உட்கார்ந்து ஃபைலைப் பார்க்கிற அதிகாரிக்கு இந்தக் கதை தெரியாது. காலையில் கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து சாயந்திரம் வெளியே வருகிற வரை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் அவர் கோடோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

முதலில் கனடாவை எடுத்துக்கொள்ளலாம், நம் பக்கம் அதிகம் கேட்கப்படுவதும் அதுதான். அவர்களுடைய பட்டியலுக்கு என்ஓசி என்று பெயர். (கம்பெனியில் போய் 'என்ஓசி லெட்டர் வேணும்' என்று கேட்டுவிடாதீர்கள், ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி அடித்து சீல் குத்திக் கொடுத்துவிடுவார்கள்.) இப்போது நடப்பில் இருப்பது 2021 பதிப்பு. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது மதிப்பெண் போட்டு நிரந்தரக் குடியேற்றத்துக்கு ஆள் எடுக்கிற கனடா முறையில், அது 2022 நவம்பர் 16 முதல் வந்தது. அதில் கோடு என்பது ஐந்து இலக்கம். நம் பின்கோடு மாதிரிதான், 632 என்று பார்த்ததும் தபால்காரருக்கு இது வேலூர் வட்டாரம் என்று தெரிந்துவிடுகிறதே, அப்படி ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஓர் அர்த்தம் இருக்கிறது. முதல் இலக்கம் துறை. 2 என்றால் அறிவியல், இன்ஜினியரிங், கம்ப்யூட்டர், 3 என்றால் மருத்துவம், 6 விற்பனையும் சேவையும், 7 கைத்தொழிலும் போக்குவரத்தும், 9 உற்பத்தி. இரண்டாவது இலக்கத்துக்கு டீயர் என்று பெயர். அந்த வேலைக்கு எவ்வளவு படிப்பு, பயிற்சி, பொறுப்பு தேவை என்பதை அது சொல்லும். 0 என்றால் நிர்வாகம், 1 என்றால் பட்டப்படிப்பு அளவு, 2 என்றால் டிப்ளமோ அல்லது இரண்டு வருடத்துக்குக் குறையாத தொழிற்பயிற்சி, சூப்பர்வைசர் வேலைகளும் பெரும்பாலும் இதில்தான் வரும். 3 அதற்கும் கொஞ்சம் கீழே, 4 பள்ளிப்படிப்போடு சில வாரப் பயிற்சி, 5 ஒரு நாள் கூடவே நின்று பார்த்தால் போதும் என்கிற வேலை.

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் வழியாக, அதாவது இங்கே பார்த்த வேலை அனுபவத்தைக் காட்டி, போகிறவர்களுக்கு 0, 1, 2, 3 மட்டும்தான் கணக்கு. ஐந்து இலக்கத்தில் இரண்டாவது 4 அல்லது 5 என்றால், அந்த வேலையில் இருபது வருட அனுபவம் இருந்தாலும் இந்த வழியில் அது செல்லாது.

யூடியூபில் இன்னமும் 2173, 2174 என்று நாலு இலக்கக் கோடுகளையும் 'பி லெவல், சி லெவல்' என்றும் பேசுகிற வீடியோக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவையெல்லாம் பழைய பதிப்பு. கன்சல்டன்சிக்காரர் நாலு இலக்கத்தில் கனடா கோடு சொன்னால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடலாம்.

சரி, கோடு எப்படிப் பார்ப்பது? என்ஓசி தளத்தில் ஒவ்வொரு கோடுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. மேலே இரண்டு மூன்று வரியில், இந்தப் பிரிவில் வருகிறவர்கள் பொதுவாக என்ன செய்கிறார்கள், எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று ஒரு முன்னுரை. அப்புறம் பதவிப் பெயர்களுக்குச் சில உதாரணங்கள். அதற்கு அடுத்து முக்கியப் பணிகள் என்று ஒரு பட்டியல். பிறகு அந்த வேலைக்கு என்ன படிப்பு கேட்பார்கள் என்பது. கடைசியில் 'இவர்கள் இந்தப் பிரிவில் வரமாட்டார்கள், அந்தப் பிரிவைப் பார்க்கவும்' என்று ஒரு விலக்குப் பட்டியல். நம் ஆட்கள் பதவிப் பெயர் உதாரணங்களில் தன் பெயரைப் பார்த்ததும் சந்தோஷமாகப் பக்கத்தை மூடிவிடுவார்கள். ஆனால் சட்டம் அந்த உதாரணங்களைப் பற்றிப் பேசவே இல்லை. அது கேட்பது இரண்டுதான். முன்னுரையில் சொன்ன வேலையை நீங்கள் செய்திருக்க வேண்டும், முக்கியப் பணிகளில் கணிசமானவற்றை, அதிலும் இன்றியமையாதவை எல்லாவற்றையும், செய்திருக்க வேண்டும். விலக்குப் பட்டியலை மட்டும் படிக்காமல் விடாதீர்கள். பக்கத்து வீட்டுக் கோடு எது என்று காட்டிக் கொடுப்பது அதுதான், பல பேருக்குச் சரியான கோடு கிடைப்பதும் அங்கேதான்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற ஒருவரை வைத்துப் பார்க்கலாம். எங்கள் சொந்தக்காரப் பையன், கார்டில் 'அசிஸ்டென்ட் மேனேஜர் - குவாலிட்டி'. "அண்ணா, கார்டுல மேனேஜர்னு தானே போட்டிருக்கு, அதையே போட்டுடலாமே" என்றான். அவன் கண் வைத்திருந்தது 90010 மேல், அதாவது உற்பத்தித் தொழிற்சாலை மேலாளர், டீயர் 0. அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஆலையின் மொத்த இயக்கத்தைத் திட்டமிடுவது, பட்ஜெட் போடுவது, எந்த மெஷின் வாங்குவது என்று முடிவெடுப்பது, ஆள் எடுப்பது என்று போகிறது. இவன் அதில் எதையும் செய்வதில்லை. அவன் நாள் இப்படிப் போகிறது: காலையில் கட்டிங்கிலிருந்து வருகிற அப்பர்களை (ஷூவின் மேல்பகுதித் தோல்) மேஜையில் பரப்பிப் பார்ப்பான், தோலில் சுருக்கமோ பழைய காயத் தழும்போ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பான், இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறம் ஒத்துப்போகிறதா என்று வெளிச்சத்தில் பிடிப்பான். அப்புறம் ஸ்டிச்சிங் லைனில் தரம் பார்க்கிற பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு இன்றைக்கு யார் எந்த லைன் என்று பிரித்துக் கொடுப்பான். புதிதாக வந்தவர்களுக்கு எதை ஒதுக்கணும், எதை விடணும் என்று சொல்லிக் கொடுப்பான். ஷிஃப்ட் முடிந்ததும் ஒதுக்கின ஜோடிகளின் கணக்கை எழுதி புரொடக்ஷன் மேனேஜரிடம் கொடுப்பான்.

இவனுக்கு இரண்டு கோடு பொருந்துகிற மாதிரி தெரிகிறது. ஒன்று 94133, துணி, தோல் பொருள்களைப் பரிசோதித்துத் தரம் பிரிப்பவர்கள். இரண்டாவது 92015, அதே துறையில் சூப்பர்வைசர்கள். எழுத்தில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்து வேலைகள். ஆனால் இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள், முதலாவது டீயர் 4, அடுத்தது டீயர் 2. ஒன்றில் கதவே திறக்காது, மற்றதில் திறக்கும். இங்கேதான் ஆசை வேலை செய்யும், 'சூப்பர்வைசர்னே போட்டுக்கலாம்' என்று தோன்றும். போடலாமா கூடாதா என்பதை அவனுடைய நாள்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலான நேரம் தானே அப்பரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்து, நடுநடுவே பெண்களுக்கு வேலை சொல்கிறான் என்றால் அவன் 94133தான், கார்டில் என்ன போட்டிருந்தாலும். ஆட்களைப் பிரித்துப் போடுவது, சொல்லிக் கொடுப்பது, சிக்கலைத் தீர்ப்பது, ரிப்போர்ட் எழுதுவது, யாரை நிரந்தரமாக்கலாம் என்று சிபாரிசு செய்வது என்று பெரும்பகுதி நேரம் போய், சந்தேகமான ஜோடி வரும்போது மட்டும் தானே பார்க்கிறான் என்றால் 92015. நான் அவனை ஒரு வாரம் ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்கிறான் என்று டைரியில் எழுதச் சொன்னேன். எழுதிப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு மேற்பார்வைதான். மேனேஜர் ஆக முடியவில்லையே என்று அவனுக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனால் விசாவுக்கு அதுவே போதும்.

மேனேஜர் கோடுக்காக யாரும் அழ வேண்டியதில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வெளிநாட்டு வேலை அனுபவத்துக்கு மதிப்பெண் போடும்போது டீயர் 0க்கு ஒரு கணக்கு, டீயர் 3க்கு ஒரு கணக்கு என்று கிடையாது. நான்குக்கும் ஒன்றேதான். முன்பு கனடா கம்பெனியின் ஆஃபர் லெட்டருக்குத் தந்த கூடுதல் மதிப்பெண்ணில் பெரிய நிர்வாகப் பதவிகளுக்கு அதிகம் கிடைத்தது, 2025 மார்ச்சில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே 92015 சரியாகப் பொருந்துகிறவர் 90010க்குத் தாவினால் கிடைக்கிற லாபம் பூஜ்யம், மாட்டிக்கொண்டால் நஷ்டம் பெரிது.

2022இல் பதிப்பு மாறினபோது எல்லைகளும் மாறின. அதற்கு முன் தகுதியில்லாமல் இருந்த 16 தொழில்கள் உள்ளே வந்தன. நர்ஸ் உதவியாளர்கள், லாரி ஓட்டுநர்கள் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். வெளியே போனவை மூன்றே மூன்று, அதில் ஒன்று தையல்காரர்கள். இப்போது அவர்கள் 64200, டீயர் 4. தொழிற்சாலையில் மெஷினில் உட்கார்ந்து தைக்கிறவர்களுக்கு 94132, அதுவும் டீயர் 4தான். கட்டிங், ஸ்டிச்சிங், பேட்டர்ன் மேக்கிங் என்று தோல் தொழிலில் கை தேர்ந்தவர்கள் நிறைந்த ஒரு வட்டாரத்துக்கு இது நியாயமாகப் படாது. எனக்கும் படவில்லை. ஆனால் கனடாக்காரர்களிடம் போய் முறையிட முடியாது.

அடுத்தது நர்ஸ்கள். வேலூரில் இதைக் கேட்காத தெரு இல்லை. பி.எஸ்சி. முடித்தவர்களுக்குச் சந்தேகம் வருவதில்லை, 31301 என்று நேராகப் போய்விடுகிறார்கள், பதிவு பெற்ற நர்ஸ், டீயர் 1. ஜிஎன்எம் டிப்ளமோ படித்தவர்கள்தான் 'டிப்ளமோதானே, அப்போ நாம் 32101 போலிருக்கு' என்று தாமாகவே இறங்கிக்கொள்கிறார்கள். 32101 என்பது அங்கே லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ், டீயர் 2. பணிப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். நோயாளியின் நிலையை நீங்களே மதிப்பிட்டு என்ன கவனிப்பு தேவை என்று முடிவு செய்கிறீர்களா, டாக்டர் எழுதின மருந்தைக் கொடுத்து அதற்கு உடம்பு எப்படி எதிர்வினை செய்கிறது என்று பார்த்துப் பதிவு செய்கிறீர்களா, வீட்டுக்கு அனுப்பும்போது என்ன செய்ய வேண்டும் என்று குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களா, ஜூனியர்களை மேற்பார்க்கிறீர்களா. வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறவர் இதையெல்லாம் செய்கிறார் என்றால், படித்தது ஜிஎன்எம் ஆனாலும் செய்கிற வேலை 31301தான். மாறாக, குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, வீல்சேரில் தள்ளிக்கொண்டு ஸ்கேனுக்குப் போவது என்பதுதான் நாள் முழுவதும் என்றால் அது 33102, நர்ஸ் உதவியாளர். சிறிய நர்சிங் ஹோம்களில் இப்படி வேலை பார்க்கிறவரையும் 'நர்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

இதில் ஒரு விஷயத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். குடியேற்றத்துக்காகக் கோடு பொருந்துவது ஒன்று, அங்கே போய் நர்ஸாக வேலை பார்க்க அந்தந்த மாகாணத்தில் லைசென்ஸ் வாங்குவது வேறொன்று. என்ஓசி பக்கத்தில் 'மாகாணப் பதிவு தேவை' என்று இருப்பதைப் பார்த்து, இங்கே வார்டில் பார்த்த அனுபவம் செல்லாது என்று பயப்பட வேண்டாம். ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கரில் பார்ப்பது செய்த பணிகளைத்தான். விசா வந்துவிட்டது, இறங்கின மறுநாளே ஊசி போடலாம் என்று நினைப்பதும் அதே அளவு தப்பு. லேப் ஆட்களுக்கும் இந்தப் பிரிவினை உண்டு: டெஸ்டை நடத்தி முடிவைச் சரிபார்க்கிறவர் 32120, ரத்தம் எடுத்து, சாம்பிளைத் தயார் செய்து கொடுப்பவர் 33101.

ஐடி ஆட்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அவர்களே பத்து டேப் திறந்து வைத்துக்கொண்டு படித்திருப்பார்கள். காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற கூட்டத்தில் பாதிப் பேர் கார்டில் 'அசோசியேட்', 'அனலிஸ்ட்', 'கன்சல்டன்ட்' என்று எதுவும் சொல்லாத பெயர்கள். அந்தப் பெயரில் தேடினால் ஒன்றும் தேறாது. மற்றவர் வடிவமைத்ததைக் கோடிங் செய்பவர், இருக்கிற புரோகிராமைத் திருத்துகிறவர் என்றால் 21232. சாஃப்ட்வேரின் கட்டமைப்பையே வடிவமைக்கிறவர் என்றால் 21231. டெஸ்டிங் மட்டும் என்றால் 22222. யூசர் கூப்பிட்டதும் பிரச்சினையைத் தீர்க்கிற சப்போர்ட் வேலை என்றால் 22221. டெஸ்டிங்கில் இருக்கிறவர்கள் டெவலப்பர் கோடுக்கு ஏற முயற்சிப்பதைப் பார்க்கிறேன், டீயர் 2 என்பதைக் குறைச்சலாக நினைத்துக்கொண்டு. மேலே சொன்ன அதே கணக்குதான், அதனால் ஒரு மதிப்பெண்ணும் கூடாது.

ராணிப்பேட்டைப் பக்கம் வருவோம். பெல் ஆலையை நம்பியும் சிப்காட்டிலும் இருக்கிற ஃபேப்ரிகேஷன் கம்பெனிகளில் பி.இ. மெக்கானிக்கல் படித்தவர்கள் ஏராளம், எல்லாருக்கும் 'இன்ஜினியர்' என்றுதான் பெயர், எல்லாரும் எடுக்க நினைப்பது 21301, மெக்கானிக்கல் இன்ஜினியர். படிப்பு பி.இ. என்பதால் கோடும் இன்ஜினியராகிவிடாது. படிப்புக்குத் தனியாக மதிப்பீடு செய்து தனியாக மதிப்பெண் கொடுக்கிறார்கள், கோடு வேலைக்கு மட்டும். டிசைன், கணக்கீடு, பழுதுக்குக் காரணம் ஆராய்வது என்று இருந்தால் 21301. இன்ஜினியர் போட்ட டிசைனுக்கு டிராயிங் தயாரிப்பது, டெஸ்ட் நடத்தி ரிப்போர்ட் எழுதுவது என்றால் 22301. ஷெட்டில் வெல்டர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் கூட்டத்தை நடத்துகிற ஷாப் ஃப்ளோர் ஆள் என்றால் 72010 பக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். அந்த வெல்டருக்கு 72106, அதுவும் டீயர் 2. ஐடிஐ படித்த வெல்டரும் அவருக்கு மேலே நிற்கிற பி.இ. சூப்பர்வைசரும் ஒரே டீயரில் நிற்பதைச் சொன்னால் சில பேருக்குக் கோபம் வருகிறது.

கடைத்தெருவில் கேட்கிறவர்களுக்கு: ஜவுளிக்கடையில் கட்டிலிருந்து துணியை எடுத்து விரித்துக் காட்டுகிறவர் 64100, செல்லாது. அவர்களுக்கு ஷிஃப்ட் போட்டு, ஸ்டாக் பார்த்து, சண்டை வந்தால் தீர்த்து வைக்கிற ஃப்ளோர் சூப்பர்வைசர் 62010, செல்லும். பிரியாணி மாஸ்டர்கள், டேக்சா முன்னால் நின்று சமைப்பது மட்டும் என்றால் 63200. மெனு, செலவு, ஆள் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறவர் என்றால் 62200.

கோடு முடிவானால் அடுத்து அனுபவக் கணக்கு. முதன்மையாகக் காட்டுகிற ஒரு கோடில், கடைசிப் பத்து வருடத்துக்குள், இடைவெளி இல்லாமல் ஒரு வருடம் முழுநேர வேலை இருக்க வேண்டும். வாரம் 30 மணி வீதம் 1,560 மணி. வாரம் 60 மணி உழைத்து ஆறே மாதத்தில் அதை முடிக்க முடியாது, வாரத்துக்கு 30க்கு மேல் எண்ணமாட்டார்கள். பதவி உயர்வில் வேலையே மாறிவிட்டது என்றால் அந்தத் தேதியிலிருந்து வேறு கோடு போட வேண்டும். ஒரே கம்பெனி என்பதற்காக ஐந்து வருடத்தையும் ஒரே கோடில் தள்ளக்கூடாது. கம்பெனி மாறியும் வேலை அதே என்றால் கோடும் அதே.

இனி கடிதம். இங்கேதான் நம் ஊர் ஆட்கள் நிஜமாகவே தவிக்கிறார்கள். கனடா கேட்பது கம்பெனியின் லெட்டர்ஹெட்டில், விலாசம், போன், மெயில் எல்லாம் போட்டு, பொறுப்பான ஒருவர் கையெழுத்திட்டு, பதவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி, வருடச் சம்பளம், சலுகைகள், அதோடு செய்த பணிகள், இவ்வளவும் இருக்கிற கடிதம். நம் கம்பெனிகள் கொடுப்பது 'இன்னார் இன்ன தேதி முதல் இங்கே பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்'. வாழ்த்தை வைத்துக்கொண்டு கோடை நிரூபிக்க முடியாது.

பணிகளை எழுதிக் கொடுக்க எச்ஆர் சம்மதித்தாலும் எதை எழுதுவது என்று தெரியாது, 'நீங்களே டைப் பண்ணிக் கொண்டாங்க, கையெழுத்து போட்டுத் தரோம்' என்பார்கள். அப்போது என்ஓசி பக்கத்தில் இருக்கிற பணிப் பட்டியலை வரிக்கு வரி காப்பி அடித்து ஒட்டுகிறவர்கள் உண்டு. அதிகாரி அந்தப் பட்டியலை நாள் முழுவதும் பார்க்கிறவர், ஒரு வார்த்தை மாறாமல் அதையே கடிதத்தில் பார்த்தால் அவருக்குச் சந்தேகம்தான் வரும். உங்கள் வேலையை உங்கள் வேலையாகவே எழுதுங்கள். ஆம்பூர்ப் பையனின் முதல் கடிதத்தில் 'தரக்கட்டுப்பாடு தொடர்பான அனைத்துப் பணிகளையும் கவனித்துக்கொண்டார்' என்று ஒரே வரி. அதை மாற்றி, ஸ்டிச்சிங் பிரிவில் தரம் பார்ப்பவர்களுக்குத் தினமும் லைன் பிரித்துக் கொடுத்தார், புதியவர்களுக்குத் தோல் குறைகளை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்தார், ஒதுக்கின ஜோடிகளுக்குக் காரணம் எழுதித் தினசரி அறிக்கை கொடுத்தார், பையர் தரப்பு இன்ஸ்பெக்டர் வரும்போது கூட இருந்து மாதிரிகளைக் காட்டினார் என்று எழுதினோம். படிக்கிறவருக்கு ஆள் கண்ணுக்குத் தெரிவார், கோடும் தானாகவே தெரியும்.

ஆஸ்திரேலியாவில் கதை கொஞ்சம் வேறு. அவர்களுடைய பட்டியல் ஆன்ஸ்கோ, ஆறு இலக்கம். சாஃப்ட்வேர் இன்ஜினியர் 261313, மெக்கானிக்கல் இன்ஜினியர் 233512 என்று போகும். அங்கே உங்கள் கோடு சரியா என்பதை முதலில் விசா ஆபீஸ் பார்ப்பதில்லை. தொழிலுக்கு ஒரு மதிப்பீட்டு அமைப்பு இருக்கிறது, கம்ப்யூட்டர் என்றால் ஏசிஎஸ், இன்ஜினியர் என்றால் இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா, நர்ஸ் என்றால் ஆன்மாக், வேறு பல தொழில்களுக்கு வெட்அசெஸ். அவர்கள் படிப்பையும் வேலையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கனடாவில் படிப்பு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று பிரித்தோமே, அது இங்கே நடக்காது, இ.சி.இ. படித்துவிட்டு சாஃப்ட்வேரில் இருக்கிறவர்களுக்கு அனுபவத்தில் சில வருடங்களைக் கழித்துவிடுவதும் உண்டு. இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா கேட்கிற அறிக்கையில் நீங்கள் செய்த மூன்று வேலைகளைக் கதையாக எழுத வேண்டும், 'நாங்கள்' என்று எழுதாமல் 'நான்' என்று. இணையத்தில் கிடைக்கிற மாதிரியை வாங்கி ஒட்டினால் அகப்பட்டுக்கொள்வீர்கள், அவர்கள் காப்பியைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

இங்கிலாந்தில் கோடு போடுவது நீங்கள் இல்லை, உங்களைக் கூப்பிடுகிற கம்பெனி. எஸ்ஓசி 2020 என்கிற நாலு இலக்கப் பட்டியலிலிருந்து அவர்கள் எடுத்து ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில் போடுவார்கள். ஆனாலும் அதைப் பார்த்துச் சரி செய்ய வேண்டியது உங்கள் வேலை, ஏனென்றால் அந்த எண்ணை வைத்துத்தான் குறைந்தபட்சச் சம்பளம் தீர்மானமாகிறது. 2025 ஜூலை 22 முதல் பொதுவான வரம்பு வருடத்துக்கு 41,700 பவுண்டு, அல்லது அந்தக் கோடுக்கு உரிய சம்பளம், எது அதிகமோ அது. நர்ஸ்களுக்கு வேறு கணக்கு. அதே நாளிலிருந்து பட்டப்படிப்பு அளவுக்குக் கீழே இருக்கிற பெரும்பாலான வேலைகள் புதிதாக வருகிறவர்களுக்கு மூடப்பட்டுவிட்டன. கேர் வொர்க்கர் 6135, வெளிநாட்டிலிருந்து நேரடியாக ஆள் எடுப்பது நின்றுபோய்விட்டது. அந்தக் கோடைச் சொல்லி யாராவது உங்களிடம் லட்சக்கணக்கில் கேட்டால் அவருக்கு நேரமே ஒதுக்காதீர்கள்.

ஒரே வேலைக்கு நாட்டுக்கு நாடு எண் வேறு என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயரை வைத்துத் தாவ வேண்டாம். நமக்கும் சொந்தமாக ஒரு பட்டியல் இருக்கிறது, என்சிஓ 2015, இ-ஷ்ரம் பதிவில் தொழில் என்று கேட்கிற இடத்தில் வருவது அதுதான். அது ஐஎல்ஓ என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பட்டியலைப் பார்த்துச் செய்ததுதான், ஆனால் இ-ஷ்ரம் கார்டில் இருக்கிற எண்ணைக் கனடா ஃபாரத்தில் எழுதினால் அதற்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை.

'எந்தக் கோடுக்கு இப்போ டிமாண்ட்?' என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். கனடா 2023 முதல் சில துறைகளுக்கென்று தனியாக அழைப்பு விடுகிறது, மருத்துவம், கைத்தொழில் என்று. அந்தப் பட்டியல் நிற்காது. 2023இல் போக்குவரத்துத் தொழில்களுக்குத் தனி இடம் கொடுத்தவர்கள் 2025 பிப்ரவரியில் அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் கோடு உண்மையிலேயே அதில் இருந்தால் நல்லது. இல்லாததற்காகக் கோடை மாற்றினால், பொய்த்தகவல் என்று முடிவு செய்து ஐந்து வருடம் விண்ணப்பிக்கவே முடியாதபடி தடை போடலாம். கோடைத் தேர்ந்தெடுத்தது ஏஜென்ட் என்றாலும் கையெழுத்து உங்களுடையது, தடையும் உங்களுக்குத்தான். காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தைப் பார்க்கிறவருக்கு அந்த நாட்டில் குடியேற்ற ஆலோசகர்களுக்கு உரிமம் தருகிற சிஐசிசி அமைப்பின் லைசென்ஸோ, அந்த நாட்டு வக்கீல் பதிவோ இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி அவர்கள் தளத்தில் அடித்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

கடைசியாக, நம் ஊர்ப் பக்கம் அடிக்கடி வருகிற ஒரு சிக்கல், பழைய கம்பெனியே இப்போது இல்லை. மூடின தோல் ஷாப்புகளில் வேலை பார்த்தவர்கள் லெட்டருக்கு யாரிடம் போவார்கள்? அப்போது அந்தக் காலத்தில் மேலே இருந்த சூப்பர்வைசரையோ மேனேஜரையோ தேடிப் பிடித்து, அவர் இப்போது எங்கே இருந்தாலும், உங்கள் பணிகளை விவரித்து அவர் பெயர், போன் நம்பரோடு ஒரு கடிதமோ நோட்டரி கையெழுத்தோடு பிரமாணப் பத்திரமோ வாங்குங்கள். அது தனியாக நிற்காது, கூடவே காகிதம் வேண்டும்: அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறின வங்கிக் கணக்கு, ஃபாரம் 16, இஎஸ்ஐ அட்டை. எல்லாவற்றையும் விடப் பயனுள்ளது பிஎஃப் பாஸ்புக். யூஏஎன் நம்பர் போட்டு உள்ளே போனால் எந்தக் கம்பெனி எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினது என்று வரிசையாக இருக்கும். ஏன் கம்பெனிக் கடிதம் இல்லை என்று ஒரு பக்கத்தில் நீங்களே விளக்கம் எழுதி அதற்கு மேலே வையுங்கள். பிஎஃப் கணக்கில் பெயரோ பிறந்த தேதியோ பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதைத் திருத்த மனு போடுவதை இன்றைக்கே ஆரம்பியுங்கள். கம்பெனி மூடியிருந்தால் அதற்குத்தான் அதிக நாள் இழுக்கும்.